தெருக்கம்பத்துப் பெட்டிக்குள் பிரியும் ஒளி: வீட்டு இணைய இணைப்பைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

வீட்டுக்கு இணைய இணைப்பு எடுக்கப் போகிறவர் முன்னால் நிறுவனங்கள் வைப்பது வேகத்தைக் குறிக்கும் ஒரே ஓர் எண்தான். 100 எம்பிபிஎஸ், 200 எம்பிபிஎஸ், 300 எம்பிபிஎஸ். மாதக் கட்டணமும் அந்த எண்ணையொட்டியே ஏறுகிறது. நாமும் அதை வைத்தே இரண்டு நிறுவனங்களை ஒப்பிட்டு முடிவெடுக்கிறோம். ஆனால் இரவு எட்டரைக்கு வெளியூர் மகளோடு பேசும்போது அவள் முகம் திரையில் உறைந்து நிற்பதற்கும், மழைக்கு மறுநாள் மோடத்தில் சிவப்பு விளக்கு மின்னுவதற்கும் அந்த எண்ணோடு பெரும்பாலும் தொடர்பே இல்லை. தொடர்பு எதனோடு என்று தெரிந்துகொள்ள, வீட்டுக்குள் வரும் மெல்லிய ஃபைபர் ஒயரைப் பிடித்துக்கொண்டு தெருவுக்குப் போக வேண்டும்.

அந்த ஒயரின் உறையையும் பூச்சையும் உரித்தால் உள்ளே இருப்பது 125 மைக்ரான் தடிமனுள்ள கண்ணாடி இழை (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதன் நடுவே வெறும் 9 மைக்ரான் அகலமுள்ள பகுதியில்தான் ஒளி ஓடுகிறது. 1966-இல் சார்லஸ் காவ் என்ற விஞ்ஞானி இதற்கான அடிப்படையை முன்வைத்தபோது, அன்றைய கண்ணாடியில் ஒளி சில பத்து மீட்டர்களைத் தாண்டுவதற்குள் செத்துவிடும். ஒரு கிலோமீட்டர் கடந்த பிறகு நூற்றில் ஒரு பங்கு ஒளி மிஞ்சினாலே தகவல் தொடர்புக்குப் போதும், கண்ணாடியில் உள்ள மாசை நீக்கினால் அது முடியும் என்று அவர் வாதிட்டார். இன்றைய இழையில் ஒரு கிலோமீட்டர் கடந்த பிறகும் 90 சதவீதத்துக்கு மேல் ஒளி மிஞ்சுகிறது. காவுக்கு 2009-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. பழைய தொலைபேசிச் செம்புக் கம்பியில் இணையம் வந்த காலத்தில், எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடு தள்ளிப் போகப் போக வேகம் சரிந்தது. ஃபைபரில் 20 கிலோமீட்டர் வரை அந்தக் கவலை இல்லை. ஆகவே உங்கள் தெருவில் ஃபைபர் கிடைக்கிறதென்றால் வேறு வகை இணைப்பை யோசிக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் அந்த இழை நிறுவனத்தின் அலுவலகத்திலிருந்து உங்கள் வீட்டுக்கென்று தனியாக வருவதில்லை. மின்கம்பத்திலோ சுவரிலோ கட்டியிருக்கும் சிறிய பிளாஸ்டிக் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் ஸ்பிளிட்டர் இருக்கிறது. அலுவலகத்திலிருந்து ஒரே ஓர் இழை வரும். ஸ்பிளிட்டர் அதன் ஒளியை 8, 16, 32 அல்லது 64 பங்குகளாகப் பிரித்துத் தெருவுக்கு அனுப்பும். அதற்கு மின்சாரம் தேவையில்லை, உள்ளே மின்னணுச் சாதனமும் இல்லை. ஒளியைப் பிரிக்கும் கண்ணாடி வேலைப்பாடு மட்டும்தான். வெயிலிலும் மழையிலும் ஆண்டுக்கணக்கில் அது சும்மா தொங்கிக்கொண்டிருப்பது இதனால்தான்.

இந்தியாவில் பரவலாகப் பயன்படும் ஜிபான் என்ற தொழில்நுட்பத்தில், அந்த ஓர் இழை அலுவலகத்திலிருந்து வீடுகளை நோக்கி விநாடிக்குச் சுமார் 2.5 கிகாபிட், அதாவது 2,500 எம்பிபிஎஸ் தகவலைக் கொண்டுவருகிறது. எதிர்த்திசையில் அதில் பாதி, சுமார் 1.25 கிகாபிட். இரண்டும் ஒரே இழையில் மோதாமல் போவதற்குக் காரணம், கீழே வருவது 1490 நானோமீட்டர் அலைநீளத்திலும் மேலே போவது 1310 நானோமீட்டரிலும் இருப்பதுதான். இரண்டுமே கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. கழற்றிய ஃபைபர் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கக் கூடாது என்று சொல்வதும் அதனால்தான்.

கீழே வரும் ஒளி எல்லா வீட்டுக்கும் ஒன்றாகவே போய்ச் சேர்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கும் படத்தின் தகவலும் உங்கள் மோடத்தின் வாசல்வரை வருகிறது. ஒவ்வொரு மோடமும் தன் எண் குறித்த தகவலை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறது. மற்றவர் தகவலைப் படித்துவிட முடியாதபடி அதைக் குறியாக்கம் செய்து அனுப்ப முடியும்.

மேலே அனுப்புவதுதான் உண்மையில் கடினமான வேலை. 32 வீட்டு மோடங்களும் நினைத்த நேரத்தில் ஒளியைப் பாய்ச்சினால், ஸ்பிளிட்டரில் எல்லாம் கலந்து ஒன்றும் புரியாமல் போய்விடும். எனவே அலுவலகத்தில் உள்ள கருவி, ஒரு விநாடியை 8,000 கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூறிலும் எந்த மோடம் எப்போது பேசலாம் என்று அட்டவணை அனுப்புகிறது. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இழையில் ஒளி ஒரு கிலோமீட்டர் போக 5 மைக்ரோ விநாடி ஆகும். 2 கிலோமீட்டரில் உள்ள வீட்டின் ஒளி 10 மைக்ரோ விநாடியில் வந்துவிடும். 7 கிலோமீட்டரில் உள்ள வீட்டின் ஒளி வர 35 ஆகும். இருவருக்கும் அடுத்தடுத்த நேரம் ஒதுக்கினாலும் வந்து சேரும்போது மோதிக்கொள்ளலாம். அதனால் ஒவ்வொரு மோடமும் இணையும்போதே அதன் தூரத்தை அலுவலகக் கருவி அளந்து, கிட்டத்தில் இருப்பவரை அதற்கேற்பத் தாமதமாகப் பேசச் சொல்கிறது. தெருவில் உள்ள அத்தனை வீடுகளும் ஒரே தூரத்தில் இருப்பதுபோல் ஆகிவிடுகிறது. மின்சாரம் வந்து மோடம் உயிர் பெறும்போது விளக்குகள் கொஞ்ச நேரம் மின்னிக்கொண்டிருக்கின்றனவே, அப்போது நடக்கும் வேலைகளில் இதுவும் ஒன்று.

இனி கணக்குக்கு வருவோம். ஒரு ஸ்பிளிட்டரில் 32 வீடுகள், எல்லோரும் 300 எம்பிபிஎஸ் திட்டம் என்றால், விற்றது 9,600. இழை தருவதோ 2,500 சொச்சம். எல்லோரும் ஒரே நொடியில் முழுவேகத்தில் இறக்கினால் ஆளுக்கு 78 எம்பிபிஎஸ்தான் கிடைக்கும். இது ஏமாற்று இல்லை. நல்ல தரத்தில் ஒரு படம் ஓட 5 எம்பிபிஎஸ் போதும், 4கே படத்துக்கு 15 முதல் 25 வரை. வீட்டுக்கு இரண்டு பேர் படம் பார்த்தாலும் 32 வீடுகளுக்கு அந்த இழை தாராளமாகத் தாங்கும். பகிர்ந்துகொள்வதால்தான் மாதம் சில நூறு ரூபாய்க்கு ஃபைபர் நமக்குக் கிடைக்கிறது.

நெரிசல் பெரும்பாலும் உண்டாவது அதற்கும் மேலே. உங்கள் பகுதி அலுவலகத்திலிருந்து நகரத்து மையத்துக்கும், அங்கிருந்து வெளியுலகுக்கும் நிறுவனம் எவ்வளவு கொள்ளளவு வைத்திருக்கிறது என்பது விளம்பரத்தில் வருவதில்லை. உள்ளூர் கேபிள் நிறுவனமாக இருந்தால் அந்தக் கொள்ளளவைப் பெரிய நிறுவனத்திடம் காசு கொடுத்து வாங்குகிறது. புதிதாக 500 வீடுகள் சேர்ந்த பிறகும் அதே அளவையே வைத்துக்கொண்டிருந்தால், பகலில் பறக்கும் இணைப்பு இரவு ஒன்பதுக்குத் தவழும். வீடுகளுக்கு விற்ற வேகத்துக்கும் உண்மையான கொள்ளளவுக்கும் இடையே 50-க்கு 1 என்ற விகிதத்தைத் தாண்டக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2009-இல் வழிகாட்டுதல் கொடுத்தது. ஆனால் நிறுவனம் உண்மையில் எந்த விகிதத்தில் நடத்துகிறது என்பதை வாடிக்கையாளர் வெளியிலிருந்து பார்க்க முடியாது. இரவில் சோதித்துப் பார்ப்பது ஒன்றே வழி.

அந்தச் சோதனையிலும் ஒரு பொறி உண்டு. வேகம் காட்டும் இணையதளங்கள் பெரும்பாலும் மிக அருகிலிருக்கும் சர்வரைத் தேர்ந்தெடுக்கும். அது உங்கள் நிறுவனத்தின் கட்டடத்துக்குள்ளேயே இருக்கலாம். அப்போது நீங்கள் அளப்பது வீட்டிலிருந்து நிறுவனம் வரையிலான வேகத்தை மட்டும்தான். சர்வரை நீங்களே மாற்றி, வேறு நிறுவனத்துடையதாக ஒன்றும் சிங்கப்பூரில் உள்ளதாக ஒன்றும் வைத்துப் பாருங்கள். யூடியூப், நெட்ஃபிளிக்ஸ் போன்றவை பெரிய நிறுவனங்களின் வளாகத்துக்குள்ளேயே தங்கள் படங்களின் பிரதிகளை வைத்திருப்பதால், படம் தடையின்றி ஓடுவதும் முழுச் சான்று ஆகாது.

வேகத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது தாமதம். ஒரு சிறு தகவல் போய்த் திரும்பி வர எத்தனை மில்லி விநாடி ஆகிறது என்பதைப் பிங் என்ற கட்டளை காட்டும். வீடியோ அழைப்பு, ஆன்லைன் வகுப்பு, விளையாட்டு, அலுவலக வேலை எல்லாம் இதை நம்பித்தான் இருக்கின்றன. இதற்கு ஒளி ஒரு கறாரான எல்லை வகுத்திருக்கிறது. கண்ணாடியில் ஒளியின் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் கிடக்கும் ஐ2ஐ கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். போய்வர 32 மில்லி விநாடி. எவ்வளவு பணம் கட்டினாலும் அந்தப் பாதையில் இதற்குக் கீழே இறங்க முடியாது. மதுரையிலிருந்து சென்னைக்கு 500 கிலோமீட்டர் இழை என்று வைத்துக்கொண்டால் 5 மில்லி விநாடி, நடுவிலுள்ள கருவிகளுக்கும் சேர்த்துப் பத்துக்குள் வர வேண்டும். அங்கே 50, 60 என்று காட்டினால், உங்கள் தகவல் பெரும்பாலும் மும்பையோ டெல்லியோ போய்விட்டுச் சென்னைக்கு வருகிறது என்று பொருள். இரண்டு நிறுவனங்கள் சென்னையிலேயே தகவலைக் கைமாற்றிக்கொள்ளவில்லை என்றால் இப்படித்தான் சுற்றும். உள்நாட்டுத் தகவல் உள்நாட்டிலேயே, முடிந்தவரை பக்கத்திலேயே கைமாற வேண்டும் என்பதற்காகத்தான் 2003-இல் நிக்ஸி என்ற தேசிய இணையச் சந்தி அமைக்கப்பட்டது. சென்னையிலும் அதற்கு மையம் உண்டு. எந்தெந்தச் சந்திகளில் இணைந்திருக்கிறீர்கள் என்று நிறுவனத்திடம் கேட்டுப் பாருங்கள். விவரம் தெரிந்த நிறுவனம் உடனே பதில் சொல்லும்.

தாமதம் வீட்டுக்குள்ளும் உண்டாகிறது. லேப்டாப்பை லேன் ஒயரில் இணைத்துப் பிங் ஓடவிடுங்கள். 6, 5, 6, 7 என்று வரிகள் வந்துகொண்டிருக்கும். இப்போது போனில் உள்ள கல்யாண வீடியோவைக் கூகுள் டிரைவில் ஏற்றத் தொடங்குங்கள். அந்த வரிகள் 80, 190, 300 என்று தாவினால், மோடத்துக்குள் தகவல் பொட்டலங்கள் வரிசைகட்டி நிற்கின்றன என்று அர்த்தம். ரேஷன் கடையில் முன்னால் நிற்பவர் பத்து அட்டைக்குச் சேர்த்து வாங்கிக்கொண்டிருந்தால், ஒரு லிட்டர் எண்ணெய்க்கு வந்தவரும் காத்திருக்கத்தான் வேண்டும். நினைவகம் மலிவானதால் கருவிகளில் இந்தக் காத்திருப்பு இடத்தை அளவுக்கு மீறிப் பெரிதாக்கிவிட்டார்கள் என்பதை ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் 2010 வாக்கில் எடுத்துச் சொன்னார். பஃபர்ப்ளோட் என்று இதற்குப் பெயர். ஏற்றும் வேகம் குறைவாக உள்ள திட்டங்களில் இது அதிகம் தலைகாட்டும். இறக்கும் வேகமும் ஏற்றும் வேகமும் சமமாக உள்ள திட்டத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

வீட்டுக்குள் வேறு சில கணக்குகளும் இருக்கின்றன. 100 எம்பிபிஎஸ் என்பது பிட் கணக்கு. கோப்பு இறங்கும்போது திரையில் தெரிவது பைட் கணக்கில் 12.5 எம்பிதான். இலவசமாகத் தரும் மோடத்தின் லேன் துளை 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் தாங்காத வகையாக இருந்தால் 300-க்குக் கட்டும் பணம் வீண். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இரண்டு கான்கிரீட் சுவர் தாண்டியும் வரும், ஆனால் அக்கம்பக்கத்து வைஃபைகளோடு முட்டி மோதி வேகம் இழக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமாக இருக்கும், சுவர் தாண்டும்போது சீக்கிரம் வலுவிழக்கும். மோடத்தை வீட்டின் நடுவில் வையுங்கள். 18 சதவீத ஜிஎஸ்டி விளம்பர விலையில் பெரும்பாலும் சேர்ந்திருக்காது என்பதும் நினைவிருக்கட்டும்.

வெளியூரிலிருந்து வீட்டுக் கேமராவை நேரடியாகப் பார்க்க நினைப்பவர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும். இணையத்தில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் எண்தான் ஐபி முகவரி. பழைய முறை ஐபி முகவரிகள் உலகுக்கே மொத்தம் சுமார் 430 கோடிதான். அவை தீர்ந்துபோனதால் பல நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அடுக்குகின்றன. பிரவுசரில் திறக்கும் மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் தெரியும் முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால் நீங்கள் அந்த அடுக்கில் இருக்கிறீர்கள். வெளியிலிருந்து யாரும் உங்கள் கருவியை நேராக அழைக்க முடியாது. புதிய முறையான ஐபிவி6 முகவரி தருகிறார்களா, நிலையான ஐபி வேண்டுமென்றால் என்ன கட்டணம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

மோடத்தின் அதே அமைப்புப் பக்கத்தில் இன்னொரு எண் இருக்கிறது: வந்து சேரும் ஒளியின் அளவு, டிபிஎம் கணக்கில். மைனஸ் 20 என்றால் ஒரு மில்லிவாட்டில் நூற்றில் ஒரு பங்கு. 32 ஆகப் பிரிப்பதிலேயே இந்த எண்ணில் 17 குறைந்துவிடுவதால், மைனஸ் 17 முதல் மைனஸ் 23 வரை இருந்தால் நலம். மைனஸ் 27-ஐ நெருங்கினால் மோடம் தடுமாறத் தொடங்கும். எங்கோ ஒயர் மடிந்திருக்கிறது, அல்லது பச்சை நிறக் கனெக்டரில் தூசி, அல்லது இணைப்பு சரியில்லை. இணைப்பு கொடுக்க வந்தவர் முன்னிலையிலேயே இதைப் பார்த்துக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பிறகு புகார் செய்யும்போது உங்கள் கையில் ஆதாரம் இருக்கும்.

சாலை தோண்டும்போதும், கிளை முறியும்போதும், உயரமான லாரி போகும்போதும் இழை அறுந்துகொண்டேதான் இருக்கும். அறுந்த இரு முனைகளையும் நேராக வெட்டி, அந்த 9 மைக்ரான் நடுப்பகுதிகள் பிசகாமல் எதிரெதிரே நிற்குமாறு வைத்து, மின்பொறியால் உருக்கி ஒட்டுவதற்கு ஸ்பிளைசிங் இயந்திரம் வேண்டும். அப்படி ஒட்டினால் ஒளி இழப்பு மிகச் சொற்பம். இயந்திரம் இல்லாதவர் கையால் மாட்டும் இணைப்பைப் போட்டுவிட்டுப் போவார். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் ஒளி கசியும், நான்கைந்து சேர்ந்தால் சிவப்பு விளக்குதான். உங்கள் பகுதியில் அந்த இயந்திரமும் அதை இயக்கத் தெரிந்தவரும் இருக்கிறார்களா, கடைசியாக அறுந்தபோது சரிசெய்ய எத்தனை மணி நேரம் ஆனது என்பதை அதே தெருவில் அதே இணைப்பு வைத்திருப்பவரிடம் கேளுங்கள். பக்கத்துத் தெருக்காரர் சொல்வது பயன்படாது. அவர் வேறு இழையில் இருக்கலாம். மின்வெட்டின்போது மேலே உள்ள அலுவலகத்தில் பேட்டரி தாங்குகிறதா என்பதும் உங்கள் தெருக்காரருக்குத் தெரியும். தாங்குமென்றால் உங்கள் மோடத்துக்கு ஒரு 12 வோல்ட் மினி யுபிஎஸ் போதும்.

ஆறு மாதம், ஓராண்டு சேர்த்துக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். முதலில் ஒரு மாதம் மட்டும் கட்டுங்கள். அந்த மாதத்தில் சில இரவுகள் ஒன்பது மணிக்கு லேன் ஒயரில் இணைத்து, சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் பிங், வேறு நிறுவனத்து சர்வரில் வேகம், மோடத்தில் ஒளியளவு ஆகியவற்றைக் குறித்து வாருங்கள். காலை ஆறு மணிக்கு எடுத்த எண்களோடு அவை ஏறக்குறைய ஒத்துப்போனால் ஓராண்டுக்குக் கட்டலாம்.