"வாயு இருக்கட்டும்ணே, வலி எப்படி இருக்கு?"

மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் ஒருவர் நெஞ்சைப் பிடித்தபடி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். "ராத்திரி புரோட்டா சாப்ட்டேன் டாக்டர், வாயு பிடிச்சுக்கிருச்சு" என்பார். கூட வந்தவர் அதற்குள் ஒரு சோடா வாங்கிக் கொடுத்திருப்பார். மருத்துவர் அதை மறுக்க வேண்டியதில்லை. "வாயு இருக்கட்டும்ணே, வலி எப்படி இருக்கு? கையை வச்சுக் காட்டுங்க" என்று கேட்டால் போதும்.

ஒற்றை விரலால் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினால் பெரும்பாலும் தசை அல்லது விலா எலும்பு வலிதான். கை மூடி முஷ்டியாக நடு நெஞ்சில் அழுந்தினால் இதயத்தைச் சந்தேகிக்க வேண்டும். இதய வலிக்குக் குறிப்பிட்ட இடம் கிடையாது. இதயத்திலிருந்து வரும் நரம்புகள் தண்டுவடத்தில் நுழையும் அதே பகுதியில்தான் நெஞ்சுத் தோலின் நரம்புகளும் கையின் உட்பக்க நரம்புகளும் நுழைகின்றன. வலி எங்கிருந்து வருகிறது என்று மூளையால் பிரித்தறிய முடிவதில்லை. அதனால் நெஞ்சோடு கையும் வலிக்கும்; தோளும் தாடையும்கூட வலிக்கலாம். இதயத்தின் அடிச்சுவர் பாதிக்கப்பட்டால் மேல்வயிறு வலிக்கும், குமட்டும். வாயு என்று அவர் நம்புவதில் தவறே இல்லை. உடம்பு அப்படித்தான் உணர்த்துகிறது.

அடுத்த கேள்வி, எப்போது வருகிறது? 1768-இல் லண்டனில் வில்லியம் ஹெபர்டன் என்ற மருத்துவர் இந்த வலியை விவரித்தார்: நடக்கும்போது வரும், மேடேறும்போதும் சாப்பிட்டவுடன் நடந்தாலும் அதிகம் வரும், நின்றால் போய்விடும். இதயத்தின் ரத்தக்குழாய் சுருங்கியிருந்தாலும், நாம் சும்மா இருக்கும்போது தேவையான ரத்தத்தைக் கொடுத்துவிடும். திருப்பரங்குன்றம் மலைப்படி ஏறினால் அந்தக் குழாயால் ஈடுகொடுக்க முடியாது. ஆகவே "சாப்பிட்டதும் வந்துச்சு" என்பது இதயத்தை விலக்கிவிடும் பதில் அல்ல. ஏப்பம் விட்டதும் லேசானது என்பதும் அப்படியே. உட்கார்ந்த பிறகும் 20 நிமிடத்துக்கு மேல் வலி நீடித்தால் மாரடைப்பு என்றே எண்ணிச் செயல்பட வேண்டும்.

மூச்சை இழுத்தால் குத்துகிறதா என்பது நுரையீரல் உறைக்கான கேள்வி. எடுத்த எடுப்பிலேயே உச்சத்தில், கிழிப்பது போல் முதுகுவரை வலித்ததா என்பது இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனிக்கானது. இதைக் கேட்காமல் விடவே கூடாது. மகாதமனி கிழிந்திருக்கும்போது, மாரடைப்பு என்று நினைத்து ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுத்தால் உயிரே போகலாம்.

"சுகர் இருக்கா? வேர்த்து ஊத்துச்சா?" என்றும் கேட்க வேண்டும். நீண்டகாலச் சர்க்கரை நோய் நரம்புகளைக் கெடுத்திருந்தால் வலியே இல்லாமல் வியர்வையும் மூச்சுத்திணறலும் மட்டும் வரலாம். பிறகு, எத்தனை மணிக்கு ஆரம்பித்தது? மாரடைப்புக்குக் கட்டியைக் கரைக்கும் மருந்து முதல் 12 மணி நேரத்துக்குள்தான் பயன்படும். எவ்வளவு முந்துகிறதோ அவ்வளவு தசை பிழைக்கும்.

இந்தக் கேள்விகளுக்காக இசிஜி காத்திருக்கக் கூடாது. வந்த 10 நிமிடத்துக்குள் அதை எடுத்துவிட வேண்டும், ஒயரை ஒட்டும்போதே பேசலாம். மாரடைப்பிலும் முதல் இசிஜி சரியாக இருப்பதுண்டு. அப்போது அவர் சொன்ன விவரம் இதயத்தைக் காட்டினால் வீட்டுக்கு அனுப்பாமல் உட்காரவைத்து, மறுபடி இசிஜியும், இதயத் தசை சேதத்தைக் காட்டும் டிரோபோனின் ரத்தப் பரிசோதனையும் செய்ய வேண்டும்.