பதிப்புரிமை, காப்புரிமை, எடுத்தாள்கை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெருந்துறைப் பக்கமிருந்து ஒரு டீச்சர் போன் செய்தார். தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. தமிழ் படிப்பவர்களுக்கு வார இறுதியில் வகுப்பு எடுக்கிறவர். அவரிடம் படிப்பவர்களில் பாதிப்பேர் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் கட்டிங், செக்கிங் என்று வேலை பார்க்கிறார்கள். நூலகம் திறந்திருக்கும் நேரத்தில் அவர்கள் ஷிப்டில் இருப்பார்கள். அவர்களுக்காக ஓர் ஆய்வு நூலிலிருந்து 14 பக்கங்களைச் செல்போனில் படமெடுத்து, வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு எடுத்து வைத்திருந்தார். அதற்குள் அவர் வேலை செய்யும் இடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்துவிட்டது: காப்புரிமை உள்ள எதையும் குழுக்களில் பகிரக் கூடாது.

“ஏனுங்க ஐயா, காப்புரிமைன்னா நம்ம மஞ்சளுக்கு அமெரிக்காவுல வாங்குனாங்களே, அதுதானுங்களா? புத்தகத்துக்கும் அதேதானுங்களா?” என்று கேட்டார்.

இரண்டும் வேறு வேறு. மஞ்சளுக்கு வாங்கியது பேட்டன்ட், புத்தகத்துக்கு இருப்பது காப்பிரைட். ஆனால் தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டு வைத்திருக்கிறோம். அவர் குழம்பியதில் அவர் பிழை எதுவும் இல்லை.

மஞ்சள் கதை ஈரோட்டுக்காரர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். மஞ்சள்தூள் புண்ணை ஆற்றும் என்பதற்கு 1995இல் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் அமெரிக்காவில் பேட்டன்ட் பெற்றது. நம் பாட்டிமார் காலங்காலமாகச் செய்துவந்த வைத்தியம் அது. நம் நாட்டு அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றம் பழைய நூல்களையும் ஆய்வுக் கட்டுரைகளையும் சான்றாக வைத்து வாதாடியது. 1997இல் அந்தப் பேட்டன்ட் நீக்கப்பட்டது. அப்போது பத்திரிகைகள் எழுதிய சொல் காப்புரிமை. அதே பத்திரிகைகள், ஒரு சினிமாப் பாட்டுக்கு யாராவது வழக்குப் போட்டால் அதற்கும் காப்புரிமை என்றே எழுதும்.

பேட்டன்ட் என்பது ஒரு புதுக் கண்டுபிடிப்புக்கு அரசு தரும் தனியுரிமை. விண்ணப்பிக்க வேண்டும், சோதிப்பார்கள், கொடுத்தால்தான் உண்டு. இந்தியாவில் 20 ஆண்டுகளோடு முடிந்துவிடும். காப்பிரைட் அப்படிக் கேட்டு வாங்குவதில்லை. ஒரு கவிதையை எழுதி முடித்ததுமே அது பிறந்துவிடுகிறது. பதிவு செய்யாவிட்டாலும் உண்டு. எழுதியவர் வாழ்நாள் முழுக்கவும், அவர் இறந்த அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகளும் நீடிக்கும்.

பேட்டன்ட் என்ற சொல்லின் வேர் லத்தீனில் ‘திறந்திருத்தல்’ என்று பொருள்படும். முத்திரையை உடைக்காமலே எவரும் வாசிக்கும்படி அரசர் வெளியிட்ட திறந்த மடலிலிருந்து வந்தது. கண்டுபிடித்தவர் தன் நுட்பத்தை ஊரறியத் திறந்து காட்டுகிறார், அதற்குப் பதிலாகத்தான் அந்த 20 ஆண்டு உரிமை. திறப்பைச் சொல்லும் சொல்லுக்கு நாம் வைத்த பெயரோ காப்பு. பேட்டன்டுக்குப் புத்தாக்க உரிமை என்று எழுதுகிறவர்களும் உண்டு. எனக்கு அது பிடித்திருக்கிறது.

காப்பு என்றதும் கொங்குக் காதில் என்ன விழுகிறது? மார்கழிக் கடைசி நாளில் வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டி வாசலிலும் தோட்டத்திலும் செருகுவோமே, அந்தக் காப்புக்கட்டு. மாரியம்மன் நோம்பிக்குக் காப்புக் கட்டிவிட்டால் ஊரைவிட்டுப் போய் வெளியூரில் தங்கக் கூடாது என்பார்கள். காப்பு நல்ல சொல்தான். ஆனால் அதற்குள் ஒரு ‘கூடாது’ எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காப்பிரைட்டுக்குக் காப்புரிமை என்று எழுதும்போது அந்தக் ‘கூடாது’ மட்டும்தான் ஆசிரியர்களிடம் போய்ச் சேருகிறது. டீச்சருக்கு வந்த சுற்றறிக்கையில் இருந்ததும் அதுதான்.

சரி, காப்பிரைட் என்பதன் வேர் என்ன? காப்பி என்பது லத்தீனின் கோப்பியா என்ற சொல்லிலிருந்து வந்தது. அதன் முதற்பொருள் வளம், மிகுதி. ஒன்று பலவாகப் பெருகுவது என்ற வழியில் அது பிரதியைக் குறிக்க வந்தது. லண்டன் அச்சகத்தார் காப்பி என்ற சொல்லை, தங்கள் பேரேட்டில் பதிந்துகொண்ட நூலுக்கும், அதை அச்சிடும் உரிமைக்கும் வழங்கினார்கள். 1710இல் நடப்புக்கு வந்த ஆங்கிலச் சட்டம்தான் அந்த உரிமையை அச்சகத்தாரிடமிருந்து நூலாசிரியர் பக்கம் திருப்பியது. புது நூலுக்கு 14 ஆண்டு, ஆசிரியர் உயிரோடிருந்தால் இன்னொரு 14 ஆண்டு. அந்தச் சட்டத்தின் தலைப்பு ‘கல்வியை ஊக்குவிப்பதற்கான சட்டம்’ என்று தொடங்குகிறது. இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் ஒருமுறை திருப்பிச் சொல்வேன். அந்த உரிமை பிறக்கும்போதே கல்வியின் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் பிறந்தது.

தமிழில் பழைய நூல்களின் முன்பக்கத்தில் ‘காப்பிரைட்’ என்று அப்படியே அச்சிட்டிருப்பார்கள். பிறகு பதிப்புரிமை வந்தது. பதி என்றால் அழுந்தச் செய்வது. காகிதத்தில் எழுத்தை அழுத்தும் அச்சுத் தொழிலுக்குப் பொருந்திய சொல். பாட்டு, படம், மென்பொருள் எல்லாம் ஒரே சட்டத்துக்குள் வந்த பிறகு பதிப்பு என்பது கொஞ்சம் இறுக்குகிறது. படைப்புரிமை என்பார்கள் சிலர். நகலுரிமையும் உண்டு, நகல் உருது வழியாக வந்த சொல், பத்திர அலுவலகத்தில் ‘நகல் மனு’ போட்டவர்களுக்குப் பழக்கம்.

என் மனசுக்கு நெருக்கமான சொல் படி. கைப்படி, மூலப்படி, அச்சுப்படி எல்லாவற்றிலும் உள்ள படி. ஓலைச்சுவடி சிதையும் முன்பு இன்னொரு சுவடியில் எழுதி வைப்பதைப் படியெடுத்தல் என்றார்கள். அகராதியைத் திறந்தால் அதே எழுத்துக்கூட்டலில் வாசிப்பதும் படி, தானியம் அளப்பதும் படி. நகலெடுப்பதையும் கற்பதையும் அளப்பதையும் ஒரே ஓசையில் சொல்லும் மொழி நம்முடையது. படியுரிமை என்றால் படியெடுக்கும் உரிமை. காப்பிரைட்டுக்கு இதைவிட நேரான சொல் கிடைக்காது. ஆனாலும் பதிப்புரிமை நூல்களில் ஊன்றிவிட்ட சொல். அதைப் பிடுங்க வேண்டாம். காப்புரிமையைப் புத்தகத்துக்குப் பயன்படுத்துவதை மட்டும் நிறுத்தினால் போதும்.

இனி டீச்சரின் 14 பக்கத்துக்கு வருவோம்.

அமெரிக்கச் சட்டம் ‘ஃபேர் யூஸ்’ என்று ஒன்றைச் சொல்கிறது. எதற்காக எடுத்தாய், எப்படிப்பட்ட படைப்பு, எவ்வளவு எடுத்தாய், அதனால் அந்தப் படைப்பின் விற்பனைக்கு என்ன ஆகும் என்று நான்கையும் நிறுத்துப் பார்த்து நீதிபதி முடிவு செய்வார். தொலைவிலிருந்து கற்பிப்பதற்கென்று 2002இல் தனியாக ஒரு திருத்தமும் அங்கே வந்தது. இணையத்தில் நமக்குக் கிடைக்கும் விளக்கங்களில் பெரும்பாலானவை இந்த அமெரிக்கச் சட்டத்தைப் பற்றியவை. அதைப் படித்துவிட்டு நம்மூருக்கும் அதேதான் என்று எண்ணிக்கொள்கிறோம். நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் இருக்கும் தொடர் ‘ஃபேர் டீலிங்’. எவையெல்லாம் உரிமை மீறல் ஆகாது என்று 52ஆம் பிரிவு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகிறது. சொந்தப் படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் திறனாய்வுக்கும் செய்திக்கும் நியாயமாகக் கையாள்வது அதில் ஒரு கூறு. கற்பித்தலுக்குத் தனிக் கூறே இருக்கிறது: கற்பித்தலின் போக்கில் ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பைப் படியெடுக்கலாம், தேர்வுக் கேள்வியிலும் விடையிலும் எடுத்துப் போடலாம்.

‘கற்பித்தலின் போக்கில்’ என்றால் எது வரைக்கும்? இந்தக் கேள்வி டெல்லியில் ஒரு ஜெராக்ஸ் கடையை வைத்து எழுந்தது. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ராமேஸ்வரி போட்டோகாப்பி கடை, பாடத்திட்டத்தில் உள்ள நூல்களின் பகுதிகளைத் தொகுத்து மாணவர்களுக்கு நகல் போட்டுக் கொடுத்தது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்டு பிரான்சிஸ் பதிப்பகங்கள் 2012இல் வழக்குத் தொடுத்தன. 2016 செப்டம்பரில் தனி நீதிபதியும், அதே ஆண்டு டிசம்பரில் இரு நீதிபதி அமர்வும் தீர்ப்புச் சொன்னார்கள். கற்பித்தல் என்பது கரும்பலகை முன்னால் நின்று பேசும் அந்த ஒரு மணி நேரம் மட்டும் கிடையாது, பாடத்தோடு சேர்ந்த வாசிப்பும் அதில் அடங்கும் என்றது நீதிமன்றம். இத்தனை பக்கம்தான் என்று அளவுகோல் வைக்கவில்லை. அந்தக் கற்பித்தலுக்கு அது தேவையா என்பதுதான் உரைகல் என்றது. படி என்ற சொல்லில் அளவு இருந்தாலும் இந்தக் கணக்கைப் படி வைத்து அளக்க முடியாது. 2017இல் பதிப்பகங்கள் வழக்கைக் கைவிட்டன. அது டெல்லி உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு. சென்னை உயர் நீதிமன்றத்தைக் கட்டாது. ஆனால் அதே மத்தியச் சட்டத்துக்கு வந்த விரிவான விளக்கம் என்பதால் மதிப்புண்டு. அந்த நீதிபதிகள் முன் இருந்தது காகித நகல், வாட்ஸ்அப் இல்லை. இருந்தாலும் சட்டத்தின் அந்த வரியில் ‘வகுப்பறை’ என்ற சொல்லே இல்லை. ஆசிரியர், மாணவர், கற்பித்தல், இந்த மூன்றும்தான் இருக்கின்றன. பனியன் கம்பெனி ஷிப்ட் முடிந்து பேருந்தில் உட்கார்ந்து செல்போனில் படிக்கும் பெண்ணும் மாணவிதான்.

ஃபேர் டீலிங்கைத் தமிழில் எப்படிச் சொல்வது? ‘நியாயமான கையாளல்’ என்று எழுதுகிறார்கள். பொருள் சரிதான், ஆனால் சரக்கைக் கையாள்வது போல இருக்கிறது. நம்மிடம் இதற்கென்றே ஒரு வினைச்சொல் பழகிப் பழகி மெருகேறிக் கிடக்கிறது: எடுத்தாளுதல். ஒருவர் சொன்னதை எடுத்து, அவர் சொன்னது என்று தெரிய வைத்தே, தன் தேவைக்கு ஆளுவது. நேரிய எடுத்தாள்கை என்று சொன்னால் எந்தத் தமிழாசிரியருக்கும் விளங்கிவிடும்.

இதற்குக் கொங்கு நாடே சான்று. நன்னூல் செய்த பவணந்தி முனிவரின் ஊர் பெருந்துறைக்குப் பக்கத்துச் சீனாபுரம் என்பது எங்கள் பக்கத்து வழக்கு. பழைய சூத்திரங்களைத் தன் நூலுக்குள் அப்படியே வைத்ததற்கு அவர் காரணம் சொல்கிறார்: “முன்னோர் மொழிபொருளே அன்றி அவர்மொழியும் பொன்னேபோல் போற்றுவம்”. கருத்தை மட்டும் எடுத்துக்கொண்டு சொல்லை மாற்றிவிடாமல், சொல்லையும் பொன்னாக மதித்து எடுத்தாள்கிறேன் என்கிறார். சிலப்பதிகாரத்துக்கு உரை கண்ட அடியார்க்குநல்லார் கொங்குநாட்டு நிரம்பையைச் சேர்ந்தவர். இசைக்கும் கூத்துக்கும் தாம் துணையாகக் கொண்ட பழைய நூல்களின் பெயர்களைத் தம் உரையிலேயே எழுதி வைத்தார். அவற்றில் பல பிறகு கிடைக்கவே இல்லை. அவர் எடுத்தாண்டதால் அந்த அளவுக்காவது நமக்குத் தெரிகின்றன.

எடுத்தாள்கைக்கு எல்லை உண்டு. டீச்சர் அடுத்துக் கேட்டதும் அதுதான்: “அப்ப முழுப் புத்தகத்தையும் பிடிஎஃப் போட்டுக் குடுத்துரலாமுங்களா?” வேண்டாம் என்றேன். அந்த நூல் கோவையில் கடையில் கிடைக்கிறது. தமிழில் ஆய்வு நூல் போடும் பதிப்பகங்கள் சில நூறு படிகள் அச்சிட்டு, அது விற்க ஆண்டுக்கணக்கில் காத்திருக்கின்றன. பாடத்துக்கு வேண்டியது 14 பக்கம் என்றால் 14 பக்கம். அதையும் சேர்ந்து படிக்கும் மாணவர்கள் மட்டும் உள்ள குழுவில் போட வேண்டும். அதே பக்கங்களை யூடியூபிலோ எல்லோரும் பார்க்கும் டெலிகிராம் சேனலிலோ ஏற்றினால் ஆசிரியர், மாணவர் என்ற உறவு அங்கே இல்லாமல் போகிறது. சட்டம் தரும் இடமும் போய்விடுகிறது. ஆண்டு விழாவில் பிள்ளைகள் சினிமாப் பாட்டுக்கு ஆடலாம், பெற்றோர் பார்க்கலாம், 52ஆம் பிரிவு அதற்கும் இடம் தருகிறது. அந்த வீடியோவை இணையத்தில் ஏற்றியதும் பாட்டுச் சத்தம் அடைக்கப்படுவது ஏன் என்று பல பள்ளிகளில் கேட்கிறார்கள். காரணம் இதுவேதான்: பார்ப்பவர்கள் மாறிவிட்டார்கள்.

இன்னொரு சொல்லையும் டீச்சரிடம் சொன்னேன்: நாட்டுடைமை. நூலுரிமையை அரசே வாங்கி எல்லோருக்கும் பொதுவாக்கும் இந்த வழக்கத்துக்குப் பெயர் சொல்லும் முன்மாதிரி, 1949இல் பாரதியின் எழுத்துரிமையைச் சென்னை அரசு பெற்றது. அப்போதைய அமைச்சரவையில் கல்வி அமைச்சராக இருந்தவர் இன்று பெரியநாயக்கன்பாளையத்தில் இருக்கும் ராமகிருஷ்ண வித்யாலயத்தை நிறுவிய தி. சு. அவினாசிலிங்கம். நாட்டுடைமையான நூல் என்றால் பக்கத்தை எண்ணவே வேண்டாம், முழுதாகவே அனுப்பலாம்.

அன்று இரவு டீச்சர் அந்த 14 பக்கங்களைக் குழுவில் போட்டார். மேலே நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், பக்க எண். கீழே அவரே எழுதிய இரண்டு வரி: ‘இவை நம் மூன்றாம் அலகுப் பாடத்துக்காக எடுத்தாண்ட பக்கங்கள், வெளியே அனுப்பாதீர்கள். நூல் நம் வகுப்பு நடக்கும் இடத்தில் ஒரு படி இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வரும்போது கேட்டு வாங்கிப் பாருங்கள்.’