குவர்க்: தமிழில் வழுவமைதி

லினக்ஸ் இயக்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் மூலநிரலில், சாதனங்களை இணைக்கும் யுஎஸ்பி, பிசிஐ முறைகளுக்கான இரண்டு பகுதிகளிலும் 'குவர்க்ஸ்' என்ற பெயரில் ஒரு கோப்பு உண்டு. தரநிலை சொன்னபடி நடக்காத சாதனங்கள் எவை, அவற்றை எப்படிச் சமாளிப்பது என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும்.

குவர்க், 16-ஆம் நூற்றாண்டு முதல் ஆங்கிலத்தில் வழங்கும் சொல். அதன் வேர் அகராதிக்காரர்களுக்கே பிடிபடவில்லை. முதலில் வார்த்தையை வளைத்து நழுவும் சாமர்த்தியத்தைக் குறித்தது. அப்புறம் விசித்திரமான போக்கு என்றானது. கணினித் துறையில் சாதனத்தின் கோணலுக்கும் இதே பெயர், அதற்காக இயக்குதளம் செய்யும் ஏற்பாட்டுக்கும் இதே பெயர்.

ஓர் உதாரணம் பார்க்கலாம். யுஎஸ்பி சாதனத்தைச் செருகியதும் கெர்னல் அதன் பெயரைக் கேட்கிறது. பெயர் எவ்வளவு நீளம் என்று தெரியாததால் 255 பைட் வரை கேட்கும். சாதனம் தன்னிடம் உள்ளதை மட்டும் அனுப்பிவிட்டு நிறுத்த வேண்டும். சில சாதனங்கள் இந்தக் கேள்வியிலேயே தடுமாறிவிடும். எச்பி 5300, 5370சி ஸ்கேனர்கள் குவர்க்ஸ் கோப்பின் பட்டியலில் இடம்பெற்றது இதனால்தான். அவற்றிடம் முதலில் 2 பைட் மட்டும் வாங்கி, முதல் பைட்டில் உள்ள நீளத்தைப் பார்த்து, சரியாக அவ்வளவே கேட்கிறது கெர்னல். தயாரிப்பாளர் எண்ணும் பொருள் எண்ணும் பெயருக்கு முன்பே வந்துவிடுவதால் ஆளை அடையாளம் காண முடிகிறது. மற்ற சாதனங்களுக்கு வழக்கமான முறைதான்.

தமிழில் 'விசித்திரம்', 'பிறழ்வு' என்றெல்லாம் எழுதுகிறோம். அவை சாதனத்தின் குறையைச் சொல்லும், ஏற்பாட்டைச் சொல்லாது. நம் இலக்கணத்திலேயே இதற்குச் சொல் இருக்கிறது. விதிப்படி அமைவது வழாநிலை, தவறுவது வழு, தவறினாலும் காரணம் கருதி ஏற்பது வழுவமைதி. பசுவைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்' என்றால் அது திணைவழு. ஆனால் உவப்பினால், அதாவது மகிழ்ச்சியினால், சொன்னது என்பதால் இலக்கணம் ஏற்றுக்கொள்கிறது. அதற்காகத் திணை விதி மாறிவிடுவதில்லை. கெர்னல் செய்வதும் அச்சாக இதுவே. விதி அப்படியே இருக்க, குறிப்பிட்ட சாதனத்துக்கு மட்டும், காரணத்தோடு இடம் தருகிறது.

ஆகவே சாதனத்தில் இருப்பது வழு, கெர்னல் செய்வது வழுவமைதி, அந்தக் கோப்பு வழுவமைதிப் பட்டியல். 'பக்' என்பதையும் நாம் வழு என்றே சொல்வதால் ஒரு எச்சரிக்கை தேவை: சாதனத்தை இயக்கும் நிரலான இயக்கியிலேயே வழு இருந்தால் அதைத் திருத்தத்தான் வேண்டும், அங்கே வழுவமைதிக்கு இடமில்லை.

பட்டியலில் இல்லாத சாதனத்துக்கும் வழி உண்டு. கணினி தொடங்கும்போது கெர்னலுக்குத் தரும் கட்டளை வரியில் 'யுஎஸ்பிகோர்.குவர்க்ஸ்' என்ற அமைப்பில் தயாரிப்பாளர் எண், பொருள் எண் இரண்டையும் தந்து, கூடவே ஓர் எழுத்தைச் சேர்த்தால் போதும். மேலே சொன்ன 255 பைட் சிக்கலுக்கு உரியது ஆங்கில எழுத்து 'ஏ' (a).