‘மக்கும் பை’ என்று நம்பிக் கட்டிப் போடாதீர்கள்

இந்த வாரமும் ஒரு லோடை, கழிவை மக்கவைத்து உரமாக்கும் எங்கள் உரக்கூடத்துக்குள் விடாமல் குப்பைக் கிடங்குக்குத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. உணவுக் கழிவையும் தோட்டக் கழிவையும் தனியாகச் சேகரிக்கப் புதிதாகத் தொடங்கிய பகுதியிலிருந்து வந்த வண்டி. உள்ளே இருந்ததெல்லாம் நல்ல சரக்கு: காய்கறித் தோல், மிஞ்சிய சாப்பாடு, வெட்டிய புல், சருகு. ஆனால் பாதிக்கு மேல் பச்சை நிறப் பைகளில் இறுக்கி முடிச்சுப் போட்டுக் கிடந்தது. அந்த வீட்டுக்காரர்கள் அலட்சியக்காரர்கள் இல்லை. பொறுப்பாகத் தரம் பிரித்து, சுத்தமாகக் கட்டி, நேரத்துக்கு வெளியே வைத்தவர்கள். அத்தனை பேருடைய உழைப்பும் வீணாய்ப் போவதைப் பார்க்கும்போது மனசு ஆறவில்லை.

“பையிலேயே மக்கும் என்று போட்டிருக்கிறதே, அப்புறம் என்ன?” புதிய திட்டம் தொடங்கும் ஒவ்வொரு இடத்திலும் முதலில் வரும் கேள்வி இதுதான். சரி, இதை ஒருமுறை விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன்.

‘மக்கும்’ என்று விற்கப்படும் பைகள் எல்லாம் ஒன்றல்ல. சில பைகள் சாதாரண பாலித்தீன்தான். வெயிலும் காற்றும் பட்டால் உடையும்படி ஒரு ரசாயனத்தைச் சேர்த்திருப்பார்கள். அது பொடிப்பொடியாகும், ஆனால் மண்ணோடு மண்ணாகாது. ஐரோப்பிய ஒன்றியம் இந்த வகையை 2021 ஜூலையிலேயே தடை செய்துவிட்டது. வேறு சில பைகளில் பச்சை நிறமும் இலைப் படமும் இருக்கும். சான்று என்று ஒன்றும் இருக்காது. உண்மையிலேயே சோதித்துச் சான்று பெற்ற பைகளும் இருக்கின்றன. இஎன் 13432 என்ற ஐரோப்பியத் தரநிலைப்படி, கம்போஸ்ட் குவியலில் 12 வாரம் கிடந்த பிறகு 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்தால் 10 சதவீதத்துக்கு மேல் தங்கக் கூடாது. ஆறு மாதத்துக்குள் 90 சதவீதம் முழுமையாகச் சிதைந்திருக்கவும் வேண்டும். அந்தச் சிதைவுச் சோதனை நடப்பது 58 டிகிரி செல்சியஸ் வாக்கில். வீட்டுத் தோட்டத்துக் குழியில் அந்தச் சூடு வருவது அரிது. பல உரக்கூடங்களில் முதல்கட்ட வேலை 12 வாரத்துக்கு முன்பே முடிந்துவிடும். ஆகவே, சான்று பெற்ற பையே ஆனாலும் எல்லா இடத்திலும் கரைந்துவிடும் என்று சொல்ல முடியாது.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். நகரும் பெல்ட்டில் குழம்பும் சேறும் அப்பிக்கொண்டு ஒரு பை வருகிறது. எதிரே நிற்கும் தொழிலாளி அதில் அச்சடித்த சான்று எண்ணை எப்படிப் படிப்பார்? அவருக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு நொடி. அதனால் பை என்று எது தெரிந்தாலும் உருவி எடுத்துவிடுவார். அதற்குள் இருக்கும் நல்ல கழிவும் அதோடு போய்விடும். கைக்குத் தப்பிய பை அரைக்கும் இயந்திரத்துக்குள் போனால் நகக்கண் அளவு துண்டுகளாகிவிடும். சலித்த உரத்தை உள்ளங்கையில் எடுத்துப் பரப்பினால், கருமையான தூளுக்கு நடுவே பச்சைப் பச்சையாக மினுக்கும். அதைப் பார்த்த விவசாயி மறுபடி நம் உரத்தை வாங்க வரமாட்டார்.

‘எப்படியும் அங்கே ஆள் வைத்துப் பிரித்துக்கொள்வார்கள்’ என்பது அடுத்த நம்பிக்கை. ஒரு கரண்டியைப் பிரிக்கலாம், ஒரு பாட்டிலைப் பிரிக்கலாம். உடைந்த கண்ணாடிச் சில்லையும் பழத்தில் ஒட்டிய ஸ்டிக்கரையும் ஈரக் குவியலிலிருந்து யாராலும் முழுதாகப் பிரிக்க முடியாது. பிரிக்கும் இடம் உங்கள் சமையலறை மட்டும்தான்.

நாற்றத்துக்குப் பயந்துதான் பலர் பையைத் தேடுகிறார்கள் என்று தெரியும். அதற்கு வழி இருக்கிறது. உணவுக் கழிவில் பெரும்பகுதி தண்ணீர், எனவே முதலில் நீரை வடித்துவிடுங்கள். வாளியின் அடியில் பழைய செய்தித்தாளை விரியுங்கள்; வழவழப்பான தாள் வேண்டாம். கழிவு போடும் ஒவ்வொரு முறையும் மேலே ஒரு கைப்பிடி காய்ந்த சருகைப் போடுங்கள். உரக்கூடத்தில் நாங்கள் செய்வதும் இதேதான்: ஈரத்துக்கு உலர்ந்தது, நைட்ரஜன் மிகுந்த உணவுக் கழிவுக்குக் கார்பன் மிகுந்த சருகு. உணவுக் கழிவையும் தோட்டக் கழிவையும் ஒரே வண்டியில் எடுப்பதற்கும் இதுதான் காரணம். மீன், இறைச்சிக் கழிவைச் சேகரிப்பு நாள் வரை ஃப்ரீசரில் வைத்துவிட்டால் புழுத் தொல்லை இருக்காது. ஆனால் உங்கள் திட்டம் அவற்றை ஏற்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தோட்டக் கழிவில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு, பலருக்குத் தெரியாது. களைக்கொல்லி தெளித்த புல்லை அனுப்பாதீர்கள். குளோபைராலிட், அமினோபைராலிட் போன்ற களைக்கொல்லிகள் உரமாகும் சூட்டிலும் அழியாமல் தங்கி, அந்த உரம் போட்ட தக்காளி, பீன்ஸ் செடிகளைச் சுருள வைத்துவிடும். மற்றபடி கிளைகளைக் கட்ட நைலான் கயிறு வேண்டாம், சணல் போதும். கல்லும் மண்ணும் வேண்டாம். நாய், பூனைக் கழிவும் டயப்பரும் இந்த வாளிக்கு உரியவையே அல்ல. இதையெல்லாம் சொல்ல வேண்டியிருக்கிறதே!

திட்டத்தை நடத்துபவர்களுக்கும் ஒரு வார்த்தை. வாளியைக் கொடுத்துவிட்டு, ஒரு துண்டுச்சீட்டை நீட்டிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். முதல் சில வாரங்கள் மூடியைத் திறந்து பாருங்கள். தவறு இருந்தால் எது தவறு என்று எழுதி அந்த வாளியிலேயே கட்டிவிட்டுப் போங்கள். அபராதம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தென் கொரியா 2005-ல் உணவுக் கழிவைப் புதைக்கத் தடை விதித்தது. போடும் அளவுக்கு ஏற்பக் கட்டணம் என்ற முறையை நாடு முழுக்கக் கொண்டுவந்தது 2013-ல்தான். பழக்கம் மாற அவகாசம் வேண்டும்.

உலகக் குப்பையில் 44 சதவீதம் உணவும் பசுமைக் கழிவும்தான் என்கிறது உலக வங்கியின் 2018 அறிக்கை. அது புதைகுழிக்குப் போனால் புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு, நம்மிடம் வந்தால் உரம். தயவுசெய்து கட்டாமல் போடுங்கள். உங்கள் திட்டமே சான்று பெற்ற பையைக் கொடுத்திருந்தால் அதை மட்டும் பயன்படுத்துங்கள், கடையில் வேறு தேடாதீர்கள். ஒரு பொருளைப் பற்றிச் சந்தேகம் வந்தால் பொதுக் குப்பையில் போட்டுவிடுங்கள். அதனால் போவது அந்த ஒரு பொருள்தான். இந்த வாளியில் தவறாக விழுந்தால் தெருவே பிரித்துக் கொடுத்த லோடு போய்விடும்.