பிளேட்லெட் ஏழு லட்சமா?

"டெங்குன்னா குறையும்னு சொல்வாங்க. இவனுக்கு ஏழு லட்சம் இருக்கே டாக்டர், ரத்தப் புற்றுநோயா?" ஒன்றரை வயதுப் பையனை மடியில் வைத்துக்கொண்டு அந்த அம்மா கேட்டார். இரவெல்லாம் செல்போனில் தேடியிருக்கிறார் என்பது கண்ணிலேயே தெரிந்தது.

குழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தால், ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் எனும் தட்டணுக்கள் பெரும்பாலும் குறையத்தான் செய்யும். அதை முதலில் சொன்ன பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒன்றரை முதல் நாலரை லட்சம் வரை இயல்பு. அதைத் தாண்டினால், குழந்தைகளிடம் அநேகமாகக் கோளாறு தட்டணுவில் இருக்காது. நிமோனியா, சிறுநீர்த் தொற்று என எது வந்தாலும் உடலில் அழற்சி உண்டாகும். அது கல்லீரலைத் தூண்டி த்ரோம்போபொய்டின் என்ற, தட்டணு உற்பத்தியைத் தூண்டும் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்க வைக்கும். எலும்பு மஜ்ஜை தட்டணுக்களை அள்ளி விடும். காய்ச்சல் விட்ட பிறகும் சில வாரம் எண்ணிக்கை இறங்காது. விளையாடத் தொடங்கிவிட்ட பிள்ளைக்கு நாலு நாளைக்கு ஒருமுறை ஊசி குத்தி எண்ணிப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

இவனுக்குக் காய்ச்சலே வரவில்லை. அதே ரிப்போர்ட்டில் மேல் வரியைப் பார்த்தேன்: ஹீமோகுளோபின் 7.8தான், ரத்தசோகை. சிவப்பணுக்களும் சிறுத்திருந்தன. என்ன சாப்பிடுவான்?

"சோறு தொடமாட்டான். பால் மட்டும் ஒரு லிட்டர் குடிச்சிடுவான்." பெருமையாகத்தான் சொன்னார். சுவர்ச் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்பதும் மெல்ல வெளியே வந்தது; இரும்புச்சத்து குறைந்தால் இப்படி ஆசை வருவதுண்டு. பசும்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. வயிறோ அதிலேயே நிறைந்துவிடும். இரும்புச்சத்து குறைந்தாலும் தட்டணு ஏறும். பாலை அரை லிட்டருக்குள் குறைத்து, இரும்பு சிரப் எழுதினேன். ஆறு வாரத்தில் நாலு லட்சத்துக்கு வந்துவிட்டது. சிரப்பை நிறுத்தவில்லை, உடலின் இரும்புச் சேமிப்பும் நிரம்ப வேண்டுமே.

நான் பயப்படுவது கவாசாகி நோய்க்கு, குழந்தைகளின் ரத்தக்குழாய்களில் அழற்சி உண்டாக்கும் நோய் அது. 1967இல் ஜப்பானிய மருத்துவர் டொமிசாகு கவாசாகி விவரித்தது. ஐந்து நாளாகியும் விடாத காய்ச்சல், பீளை தள்ளாமல் சிவந்த கண், வெடித்த உதடு, தடித்துச் சிவந்த நாக்கு, தோலில் தடிப்பு, கழுத்தில் நெறி, வீங்கிய கைகால். எல்லாம் ஒரே நாளில் தெரியாது. இதில் தட்டணு ஏறுவது இரண்டாம் வாரத்தில்தான். விரல்நுனித் தோல் உரிவதும் ஏறக்குறைய அப்போதுதான். இதயத்தின் ரத்தக்குழாய் வீங்காமல் காக்கும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புரத மருந்தை முதல் பத்து நாளுக்குள் ஏற்றிவிட வேண்டும். தட்டணு ஏறட்டும் என்று காத்திருந்தால் அந்த நாட்கள் போய்விடும்.

ரத்தம் உறைந்துவிடுமோ என்று வீட்டிலேயே ஆஸ்பிரின் கொடுத்துவிடாதீர்கள். தொற்றுக்கு எகிறிய தட்டணுவுக்கு அது பொதுவாகத் தேவைப்படாது. ஃப்ளூவோ அம்மையோ உள்ள பிள்ளைக்குக் கொடுத்தால் ரெய்ஸ் நோய்க்குறி வந்து மூளையும் ஈரலும் பாதிக்கக்கூடும். காரணம் எதுவும் பிடிபடாமல் மாதக்கணக்கில் எண்ணிக்கை இறங்காவிட்டாலோ, மண்ணீரல் கைக்குத் தட்டுப்பட்டாலோ ரத்தநோய் நிபுணரிடம் அனுப்புவேன். அப்படி அனுப்ப நேர்வது அபூர்வம்.