விருந்தினர் அணியா, வெளியூர் அணியா?

அமெரிக்க பேஸ்பால் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளிலும் காணொளி வசனங்களிலும் ‘விருந்தினர் அணி’ என்ற சொல் பசை போட்டு ஒட்டியதுபோல் ஒட்டிக்கொண்டுவிட்டது. பாஸ்டனின் ஃபென்வே பார்க்குக்கு நியூயார்க் யாங்கீஸ் ஆட வந்தால் யாங்கீஸ் விருந்தினர் அணி. அவர்களுக்காகத் தொண்டை கிழியக் கத்துகிறவர் விருந்தினர் அணி ரசிகர். இதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு படித்துவந்தேன். போன வாரம் ஒரு மொழிபெயர்ப்பில் ‘விருந்தினர் ரசிகர்களை உள்ளூர் ரசிகர்கள் கூச்சலிட்டு அவமதித்தனர்’ என்று இருந்தது. விருந்தினரை அவமதித்தார்களாம். எழுதியவருக்குக் கை கூசவில்லையா?

ஆங்கிலத்தில் இது ‘விசிட்டிங் டீம்’. அடுத்தவர் மைதானத்துக்குப் போய் ஆடும் அணி என்று பொருள். ‘விசிட்’ லத்தீனில் ‘பார்’ என்னும் வினையிலிருந்து வந்தது. போய்ப் பார்ப்பதுதான் அதன் அடிப்படை. சோறு போடுவதும் பாய் விரிப்பதும் அதில் இல்லை. மருத்துவர் நோயாளியைப் பார்க்க வருவதும், அதிகாரி சோதனைக்கு வருவதும் ‘விசிட்’தான். சோதனைக்கு வந்த அதிகாரியை யாரும் விருந்தினர் என்று எழுதுவதில்லை. சரி, சில அலுவலகங்களில் அவருக்கும் விருந்து நடக்கும், அது வேறு கதை.

விருந்தினர் அணிக் கட்சிக்காரர்களிடம் ஒரு வலுவான வாதம் உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. அமெரிக்கப் பள்ளி மைதானங்களின் ஸ்கோர் பலகைகள் பலவற்றில் ஒரு பக்கம் ‘ஹோம்’, மறுபக்கம் ‘கெஸ்ட்’ என்றே எழுதியிருக்கும். ஆட்டத்துக்குப் பெயர் வைத்த மொழியிலேயே ‘கெஸ்ட்’ இருக்கும்போது தமிழில் விருந்தினர் என்றால் என்ன குறை என்று கேட்கிறார்கள்.

குறை இருக்கிறது. ஆங்கில ‘கெஸ்ட்’ என்னும் சொல்லும், பகைவனைக் குறிக்கும் லத்தீன் ‘ஹோஸ்டிஸ்’ என்னும் சொல்லும் ஒரே வேரில் கிளைத்தவை. வெளியிலிருந்து வந்து நிற்கும் அந்நியன் என்பதுதான் பழைய பொருள். அவன் நண்பனாகவும் இருக்கலாம், வம்புக்கு வந்தவனாகவும் இருக்கலாம். நம் சொல்லின் வழி வேறு. தொல்காப்பியம் செய்யுளியலில் ‘விருந்து’ என்பது புதுமை. புதிதாகப் புனையும் யாப்புக்கு அந்தப் பெயர். பிறகு அது வீட்டுக்குப் புதிதாக வந்தவரைக் குறித்து, அவருக்கு இடும் உணவையும் குறித்தது. திருவள்ளுவர் இந்தச் சொல்லுக்கு ஒரு அதிகாரமே கொடுத்தார். ‘மோப்பக் குழையும் அனிச்சம் முகந்திரிந்து நோக்கக் குழையும் விருந்து’ என்பது அதன் கடைசிக் குறள். அனிச்சம்பூ வாடுவதற்கு முகர்ந்து பார்க்கவாவது வேண்டும். விருந்தினர் வாடுவதற்கு நம் முகம் சற்றுக் கோணினாலே போதும். இவ்வளவு மென்மையைச் சுமக்கும் சொல்லை, முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒன்றாக ‘பூ...’ என்று ஊளையிட்டு வரவேற்கும் ஒருவனுக்குச் சூட்டினால், தமிழ் தெரிந்த வாசகனுக்கு முதலில் சிரிப்பு வரும், அப்புறம் எரிச்சல் வரும்.

புதுமை என்ற பழைய பொருளும் இங்கே பொருந்தாது. யாங்கீஸ் ஒவ்வொரு சீசனிலும் பாஸ்டனுக்கு வந்து பல ஆட்டங்கள் ஆடுகிறார்கள். இரண்டு ஊருக்கும் நூறாண்டு தாண்டிய பகை. புதியவர் என்று சொல்ல அவர்களிடம் ஒன்றுமில்லை.

சிகாகோவின் ரிக்லி ஃபீல்டில் ஒரு வழக்கம் இருக்கிறது. வெளியிலிருந்து வந்த அணி ஹோம் ரன் அடித்து, பந்து வெளிப்புற இருக்கைகளில் வந்து விழுந்தால், அதைப் பிடித்தவர் மைதானத்துக்குள்ளேயே திருப்பி எறிய வேண்டும். எறியாவிட்டால் சுற்றியிருப்பவர்கள் விடமாட்டார்கள். பிடித்தவரே வந்த அணியின் ரசிகராக இருந்தால் அவர் பாடு திண்டாட்டம்: தன் அணி அடித்த பந்து, தன் கையில் விழுந்த பந்து, ஆனால் வைத்துக்கொள்ள முடியாது. இப்படி ஒரு விருந்தோம்பலை எந்த நூலில் படித்தார்கள் இந்த மொழிபெயர்ப்பாளர்கள்?

தூய தமிழ் ஆர்வலர்கள் சிலர் ‘வருகை அணி’ என்று எழுதுகிறார்கள். ‘வருகைதரு பேராசிரியர்’ என்ற பல்கலைக்கழகச் சொல்லைப் பார்த்துச் செய்தது. தமிழ்தான், தூய்மைதான், ஆனால் உயிரில்லை. வருகை என்றதும் நமக்கு வருகைப் பதிவேடு நினைவுக்கு வருகிறது. ‘வருகை அணி தோற்றது’ என்றால், பள்ளிக்கு ஒழுங்காக வந்தவர்களின் அணி தோற்றதுபோல இருக்கிறது. ‘எதிரணி’ இன்னும் மோசம். அது பேசுகிறவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதைப் பொறுத்து மாறும் சொல். ஃபென்வேயில் உட்கார்ந்திருக்கும் யாங்கீஸ் ரசிகருக்கு பாஸ்டன்தான் எதிரணி. அவர் கதையைச் சொல்லும்போது ‘எதிரணிக்காகக் குரல் கொடுத்தார்’ என்று எழுதினால், பாவம், அவர் கட்சி மாறிவிட்டார் என்றல்லவா ஆகும்?

போரைப் பாடும் பழந்தமிழ் இலக்கணமான புறத்திணை படித்த நண்பர் ஒருவர் கோட்டையை வளைப்பது உழிஞை, காப்பது நொச்சி, ஆகவே ‘உழிஞை அணி, நொச்சி அணி’ என்று வைக்கலாமே என்றார். அழகுதான். ஆனால் ஸ்கோர் பலகையைப் பார்க்கிறவர் உரையாசிரியரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

தேடி அலைய வேண்டியதே இல்லை. கபடிப் போட்டி நடக்கும் எந்தக் கிராமத்திலும் மைக்கைப் பிடித்தவர் ‘வெளியூர் அணி’ என்பார். ஜல்லிக்கட்டில் ‘வெளியூர்க் காளை’ என்பார்கள். உள்ளூர், வெளியூர் என்ற இந்த ஜோடிக்கு விளக்கம் தேவையில்லை. அதில் பகையும் இல்லை, உபசாரமும் இல்லை. எங்கிருந்து வந்தார்கள் என்பது மட்டும் இருக்கிறது. பேஸ்பாலுக்கு அது இன்னும் நன்றாகப் பொருந்த ஒரு காரணம் உண்டு. மரபுப்படி அணிகள் சொந்த மைதானத்தில் வெள்ளை உடையும், வெளியே போகும்போது சாம்பல் நிற உடையும் அணியும். பாஸ்டன் அணியான ரெட் சாக்ஸ் தன் மைதானத்தில் ஆடும்போது மார்பில் ‘ரெட் சாக்ஸ்’ என்றிருக்கும்; வெளியே போகும்போது அணியும் சாம்பல் சட்டையில் ‘பாஸ்டன்’ என்று ஊர்ப்பெயர் இருக்கும். யாங்கீஸின் சாம்பல் சட்டையில் ‘நியூயார்க்’. ஊர்ப்பெயரை மார்பில் எழுதிக்கொண்டு வந்து நிற்கிறவனை வெளியூர்க்காரன் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

ஒரே நகரத்தில் இரண்டு அணிகள் இருந்தால் என்ன செய்வாய் என்று மடக்குவார்கள். யாங்கீஸும் மெட்ஸும் நியூயார்க்தான். கப்ஸும் வைட் சாக்ஸும் சிகாகோதான். நியாயமான கேள்வி. ஆனால் தமிழில் ‘ஊர்’ என்பது மாநகராட்சி எல்லைக்குக் கட்டுப்பட்ட சொல்லா? ‘உங்களுக்கு எந்த ஊர்?’ என்று கேட்டால், கேட்கிறவர் யார், கேட்கும் இடம் எது என்பதைப் பொறுத்து ஒரே ஆள் மாநிலத்தைச் சொல்வார், மாவட்டத்தைச் சொல்வார், குக்கிராமத்தைச் சொல்வார். நியூயார்க்குக்குள்ளேயே யாங்கீஸ் பிராங்ஸ் பகுதியில், மெட்ஸ் குயின்ஸ் பகுதியில்; இரண்டு பக்கத்து ஆட்களுக்கும் மற்றது வேற்றூர்தான். பழைய டாட்ஜர்ஸ், ஜயன்ட்ஸ் கதையும் அப்படியே. 1957 சீசன் முடிந்து கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயரும்வரை இரண்டும் நியூயார்க் அணிகள். ஜயன்ட்ஸ் ஆடியது மன்ஹாட்டனில், டாட்ஜர்ஸ் ஆடியது புரூக்ளினில். அந்தப் புரூக்ளினோ 1898வரை தனி நகரம். புரூக்ளின்காரரிடம் போய் மன்ஹாட்டன் உங்கள் ஊர்தானே என்று கேட்டிருந்தால் நல்ல பதில் கிடைத்திருக்கும்.

நான் வாதம் செய்யவே நினைத்தது இந்த இடத்தில்தான். ‘வெளியூர் அணி ரசிகர்’ வேறு, ‘வெளியூர் ரசிகர்’ வேறு. மொழிபெயர்ப்பாளர்கள் இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிடுகிறார்கள். ஃபென்வேயில் யாங்கீஸ் தொப்பி போட்டு உட்கார்ந்திருக்கும் ஆள் நியூயார்க்கிலிருந்து பஸ் ஏறி வந்தவராக இருக்கலாம். பாஸ்டனிலேயே வேலை பார்த்து, அங்கேயே வீடு வாங்கி, பிள்ளைகளையும் அங்கே பள்ளியில் சேர்த்தவராகவும் இருக்கலாம். பின்னவர் உள்ளூர்க்காரர், அவர் அணிதான் வெளியூர். இந்த வேறுபாடு போய்விட்டால் அவர் நிலைமையின் சுவையே போய்விடுகிறது. நாளைக் காலை அலுவலகத்தில் அவரைக் கேலி செய்யப்போவது இன்று பக்கத்து இருக்கையில் இருப்பவர்களேதான். ஐரோப்பியக் கால்பந்துபோல வந்தவர்களைத் தனிக் கூண்டில் அடைக்கும் பழக்கம் அமெரிக்க பேஸ்பாலில் இல்லை. எல்லாரும் கலந்துதான் உட்காருகிறார்கள்.

அசல் வெளியூர் ரசிகர் எப்படி இருப்பார் என்றால், 1903ஐப் பார்க்க வேண்டும். அமெரிக்க பேஸ்பாலின் சாம்பியனை முடிவுசெய்யும் உலகத் தொடர் முதல் முறை நடந்தது, பாஸ்டனும் பிட்ஸ்பர்கும். பாஸ்டனுக்கு ‘ராயல் ரூட்டர்ஸ்’ என்றொரு ரசிகர் கூட்டம் இருந்தது. மைக்கேல் மெக்ரீவி என்ற மதுக்கடைக்காரர் அதில் முக்கியப் புள்ளி. கடைக்குப் பெயர் ‘தேர்ட் பேஸ்’. பேஸ்பாலில் ஓடுகிறவர் ‘ஹோம்’ வந்து சேருமுன் கடைசியாகத் தொடும் இடம் அது; கடையும் அப்படியே, வீட்டுக்குப் போகுமுன் கடைசி நிறுத்தம்! இந்தக் கூட்டம் ரயிலேறி பிட்ஸ்பர்க் போய், எதிரியின் மைதானத்திலேயே உட்கார்ந்து, அந்தக் காலத்து நாடகப் பாட்டு ஒன்றை வாத்தியக் குழுவோடு விடாமல் பாடியது. வரிகளை மாற்றி, பிட்ஸ்பர்கின் பெரிய ஆட்டக்காரர் ஹோனஸ் வாக்னர் ஏன் இப்படி மோசமாக அடிக்கிறார் என்று பாட்டிலேயே கேட்டது. முதல் நான்கு ஆட்டங்களில் மூன்றைத் தோற்றிருந்த பாஸ்டன், பிட்ஸ்பர்கில் அடுத்தடுத்து மூன்று ஆட்டங்களை வென்று, ஊர் திரும்பி எட்டாவது ஆட்டத்தில் தொடரையும் வென்றது. அந்தப் பாட்டு எங்கள் நரம்பைப் பிடித்து இழுத்தது என்று பிட்ஸ்பர்க் ஆட்டக்காரர் டாமி லீச் பல பத்தாண்டுகள் கழித்தும் புலம்பினார். பாட்டுதான் ஜெயிக்கவைத்தது என்று நான் சொல்லமாட்டேன். வாக்னர் அந்தத் தொடரில் சரியாக ஆடவில்லை என்பது மட்டும் கணக்கில் இருக்கிறது.

‘ரூட்டர்ஸ்’ என்பதை அகராதியின் முதல் பொருளைப் பார்த்து எழுதினால் ‘அரச வேரூன்றிகள்’ ஆகிவிடும். ‘ரூட்’ என்ற வினை 1880களின் இறுதியில் அமெரிக்க மைதானங்களில் ஆரவாரத்தைக் குறிக்க வந்தது. பன்றி மூக்கால் மண்ணைக் கிளறுவதிலிருந்து வந்தது என்பார்கள். உறுமுவதைக் குறிக்கும் பழைய வட்டார வழக்கிலிருந்து என்பாரும் உண்டு. இரண்டில் எதுவானாலும் மரத்தின் வேர் அதில் இல்லை. தமிழில் ‘ஊக்குவித்தல்’ என்று போடுகிறார்கள். ஊக்குவிப்பது பயிற்சியாளர் வேலை. ரசிகர் செய்வது குரல் கொடுப்பது, கட்சி கட்டுவது. ‘நான் அவர் கட்சி’ என்று வீட்டுச் சண்டையிலும் சொல்கிறோமே, அந்தக் கட்சி. ‘அந்நிய மைதானத்தில் தன் அணிக்குக் கட்சி கட்டினார்’ என்றால் எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது!

‘ரசிகர்’ என்ற சொல்லில் கை வைக்க வேண்டாம். ரசத்தைச் சுவைப்பவர் என்ற வடமொழிப் பொருளுக்கும், கோயிலைக் குறிக்கும் லத்தீன் சொல்லில் பிறந்த ‘ஃபனாட்டிக்’கின் சுருக்கமான ‘ஃபேன்’ என்பதற்கும் தூரம் அதிகம்தான். ஆனால் நம் சினிமா அந்தத் தூரத்தை எப்போதோ கடந்துவிட்டது. ரசிகர் மன்றக் கட் அவுட்டுக்குப் பால் ஊற்றியவரை யாரும் சுவைஞர் என்று சொல்வதில்லை. ‘பேஸ்பால் சுவைஞர்’ என்று எழுதுகிற தூய்மைவாதிகளிடம் ஒரு வேண்டுகோள்: பந்தை நக்கிப் பார்ப்பதுபோல இருக்கிறது, விட்டுவிடுங்கள்.

நோய் ஒரு சொல்லோடு நின்றால் பரவாயில்லை. மட்டை பிடித்தவர் நிற்கும் இடத்தில் பதித்த ‘ஹோம் பிளேட்’ ‘வீட்டுத் தட்டு’ ஆகிறது, மட்டை பிடித்தவரின் தவறாகக் கணக்கிடும் ‘ஸ்ட்ரைக்’ மூன்று விழுந்தால் மூன்று ‘வேலைநிறுத்தம்’ ஆகிறது. ஆட்டத்தை ஒரு முறை உட்கார்ந்து பார்த்தால் தீரக்கூடிய குழப்பங்கள். ஜப்பானியர்கள் நம்மைவிடச் சாமர்த்தியசாலிகள். பேஸ்பாலை ‘யாக்யூ’ என்று தங்கள் எழுத்தில் தங்கள் சொல்லாக ஆக்கிக்கொண்டார்கள். ஆனால் மைதானத்தில் வந்த அணியின் ரசிகர்களுக்கு ஒதுக்கும் பகுதிக்கு ஆங்கில ‘விசிட்டர்’ என்பதையே ஒலிமாற்றி வைத்துக்கொண்டார்கள். விருந்தாளிக்கு அவர்களிடம் சொல் இல்லாமலா? நமக்கு அந்த இரவல்கூடத் தேவையில்லை, வெளியூர் இருக்கிறது.

ஒரே ஒரு இடத்தில் என் சொல்லும் இடறும். 2019 ஜூன் மாதம் ரெட் சாக்ஸும் யாங்கீஸும் லண்டனில் போய் இரண்டு ஆட்டம் ஆடினார்கள். பேஸ்பாலில் உள்ளூர் அணிதான் ஒவ்வொரு இன்னிங்ஸிலும் இரண்டாவதாக அடிக்கும் என்பதால், யாரையாவது உள்ளூர் என்று வைத்தே ஆக வேண்டும். இரண்டு ஆட்டத்துக்கும் ரெட் சாக்ஸை வைத்தார்கள். கடல் தாண்டி வந்த பாஸ்டன் லண்டனில் உள்ளூர் அணி! இப்படிப்பட்ட இடத்தில் ‘பேருக்கு உள்ளூர் அணி’ என்று எழுதிவிடுவேன். இரண்டு ஆட்டத்திலும் பேருக்கு உள்ளூர் அணி தோற்றது.