15 வருஷம் முடிந்த காரை விற்றே ஆக வேண்டுமா? ஆர்.சி. விதி சொல்வது இதுதான்

எங்கள் அப்பாவின் சான்ட்ரோ 2010 செப்டம்பரில் திருச்சியில் பதிவான வண்டி. 2025 பிறந்ததுமே வீட்டில் பேச்சு தொடங்கிவிட்டது. தெருமுனையில் பழைய கார் வாங்கி விற்கும் புரோக்கர் ஒருவர் அப்பாவைப் பார்க்கும்போதெல்லாம், "15 வருஷம் முடிஞ்சா வண்டி ரோட்டுக்கே வரக்கூடாது சார், அப்புறம் காயலான் கடைதான், இப்பவே குடுத்துடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அப்பா இரண்டு ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. அவர் முதன்முதலாகச் சொந்தமாக வாங்கிய கார் அது, தங்கச்சி கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு நடந்ததும் அதில்தான். பயத்தில் யாரும் வண்டியை அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிடக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் சட்டம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 41ஆம் பிரிவுப்படி, சொந்த உபயோக வண்டிக்குக் கொடுக்கும் ஆர்.சி., அதாவது பதிவுச் சான்று, 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பிறகு வண்டியைக் காட்டி, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். இத்தனை முறைதான் என்ற வரம்பு சட்டத்தில் இல்லை. ஆக, 15 வருஷத்தில் முடிவது ஆர்.சி.யின் காலம், வண்டியின் ஆயுள் அல்ல.

அப்படியானால் இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? இரண்டு செய்திகளை நம் ஆட்கள் ஒன்றாகக் குழப்பிக்கொண்டார்கள். ஒன்று டெல்லி. அங்கே காற்று மாசு காரணமாக 10 வருஷம் தாண்டிய டீசல் வண்டிக்கும் 15 வருஷம் தாண்டிய பெட்ரோல் வண்டிக்கும் தடை வந்தது, 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அது டெல்லிக்கும் அதைச் சுற்றியுள்ள தலைநகர் வட்டாரத்துக்குமான உத்தரவு, திருச்சிக்கோ திருநெல்வேலிக்கோ அல்ல. இன்னொன்று அரசு வண்டிகள். 2023 ஏப்ரல் 1 முதல் 15 வருஷம் ஆன அரசு வாகனங்களின் பதிவைப் புதுப்பிக்க முடியாது. டிவியில் வந்த அந்தச் செய்தியைப் பாதி கேட்டுவிட்டு, நம் வீட்டு வண்டிக்கும் அதே கதிதான் என்று பலர் நினைத்துவிட்டார்கள்.

சரி, செலவு எவ்வளவு? காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் முன்பு 600 ரூபாய், 2022 ஏப்ரல் 1 முதல் 5,000. பைக்குக்கு 300 ஆக இருந்தது 1,000 ஆனது. 2025 ஆகஸ்டில் வந்த திருத்தப்படி, 20 வருஷம் தாண்டிய காருக்கு 10,000, பைக்குக்கு 2,000. இதோடு மாநில அரசின் பசுமை வரியும் உண்டு, அதைக் கட்டிய ரசீது இல்லாமல் வேலை நகராது. கேட்கும்போது பெரிய தொகையாகத் தெரியும், ஆனால் 5,000 ரூபாயை ஐந்து வருஷத்துக்குப் பங்கு போட்டால் வருஷத்துக்கு ஆயிரம்தான். எதிர்ப்பக்கம் பாருங்கள்: தமிழ்நாட்டில் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையிலான புதுக் காருக்கு ஆயுட்கால வரி 13 சதவீதம். 6 லட்ச ரூபாய் கார் என்றால் வரி மட்டுமே 78,000. பழைய காரைப் பற்றி முடிவெடுக்கும்போது இந்தக் கணக்கைப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்.சி. முடிவதற்கு முந்தைய 60 நாளுக்குள் மத்திய அரசின் வாகனச் சேவை இணையதளமான பரிவாகனில் படிவம் 25இல் விண்ணப்பிக்க வேண்டும். தாமதமானால் காருக்கு மாதம் 500, பைக்குக்கு மாதம் 300 அபராதமாகச் சேரும். வண்டி ஓடுகிறதே, யார் கேட்கப் போகிறார்கள் என்று விட்டுவிடாதீர்கள். ஆர்.சி. காலாவதியானால் அது பதிவில்லாத வண்டி என்ற கணக்குக்குப் போய்விடும். தற்காலிகப் பதிவு முடிந்துபோன ஒரு வண்டி திருடுபோன வழக்கில், காப்பீட்டுத் தொகை தர வேண்டியதில்லை என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வருஷா வருஷம் பிரீமியம் கட்டிவிட்டு, தேவைப்படும் நாளில் வெறுங்கையோடு நிற்கும் நிலை யாருக்கும் வேண்டாம்.

புதுப்பிக்க வண்டியைக் காட்டும் ஆய்வுக்கு நாங்கள் போவதற்கு முந்தைய நாள், நிலுவையில் அபராதச் சலான் எதுவும் இருக்கிறதா என்று பார்த்து, இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வைத்தோம். வண்டியின் உடலில் பொறித்திருக்கும் அடையாள எண்ணான சேசிஸ் நம்பரைப் பென்சில் பிரிண்ட் எடுக்க வேண்டியிருந்தது. பானட்டைத் திறந்து, பொறித்திருந்த எண்ணின் மேல் படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, மெல்லிய தாளை வைத்து அப்பாவே பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தார். ஒவ்வோர் எழுத்தாக வெள்ளையாக எழும்பி வந்தது. மறுநாள் மோட்டார் வாகன ஆய்வாளர் ஹாரன், விளக்குகள், இண்டிகேட்டர், வைப்பர், பிரேக், டயர் என்று வரிசையாகப் பார்த்தார். வண்டியின் நிறம் ஆர்.சி.யில் உள்ளபடியே இருக்க வேண்டும், இடையில் கேஸ் கிட் மாட்டியிருந்தால் அதுவும் ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும்.

ஆனால் புதுப்பிக்க முடியும் என்பதாலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று இல்லை. என்னைக் கேட்டால் முடிவை என்ஜினிடம் கேட்காதீர்கள், வண்டியின் தரைத்தகட்டிடம் கேளுங்கள். எங்கள் வண்டியின் டிரைவர் சீட்டுக்குக் கீழே விரித்திருந்த கால்மிதி மேட்டைத் தூக்கியபோது ஈரச் சாக்கு வாடை அடித்தது. ஸ்க்ரூடிரைவரால் தட்டிப் பார்த்தால் ஓரிடத்தில் பொலபொலவென்று துரு உதிர்ந்து கீழே தார் ரோடு தெரிந்தது. உள்ளங்கையளவு ஓட்டைதான் என்பதால் டிங்கரிங் பட்டறையில் தகடு வைத்து அடைத்துவிட்டோம். இதுவே அடிச்சட்டத்திலும் சஸ்பென்ஷன் பிடிக்கும் இடங்களிலும் துரு ஏறியிருந்தால், என்ன பாசம் இருந்தாலும் நான் வைத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். அதேபோல் அந்தக் காலத்துச் சின்னக் கார்கள் பலவற்றில் ஏர்பேக்கோ, பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ்ஸோ கிடையாது. மார்க்கெட், கோயில், ஆஸ்பத்திரி என்று ஊருக்குள் ஓட்டும் குடும்பத்துக்கு அது ஒரு கணக்கு, வாராவாரம் குழந்தைகளோடு நாற்கர சாலையில் நூறு கி.மீ. வேகத்தில் போகிறவர்களுக்கு வேறு கணக்கு. இரண்டாம் வகை என்றால் விற்றுவிடுங்கள்.

விற்பதாக முடிவெடுத்தால், விலையைவிட முக்கியமானது பெயர் மாற்றம். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30இல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு நம் வேலை முடிந்தது என்றுதான் பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர். 2018இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்த ஒரு வழக்கில், கார் பல கை மாறிப் போயிருந்தும் பதிவில் முதல் ஆளின் பெயரே இருந்ததால், விபத்து இழப்பீட்டுக்கு அவரையே பொறுப்பாக்கினார்கள். விற்ற 14 நாளுக்குள் நீங்கள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும், 30 நாளுக்குள் வாங்கியவர் மாற்றிக்கொள்ள வேண்டும். டீலரிடம் கொடுத்தால், 2023 ஏப்ரல் முதல் இருக்கும் விதிப்படி அவரிடம் ஆர்.டி.ஓ. அங்கீகாரச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். அங்கீகாரம் உள்ளவர் வண்டி கைமாறியதைத் தளத்தில் பதிந்துவிட்டால், அதன்பின் பொறுப்பு அவருடையது. வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "அப்புறம் பார்த்துக்கலாம் சார்" என்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.

ஓடவே ஓடாது என்ற நிலைக்கு வந்துவிட்டால் காயலான் கடைக்கு அல்லாமல், அரசிடம் பதிவு பெற்ற வாகன உடைப்பு மையத்துக்குக் கொடுங்கள். அங்கே வண்டிக்கான பணத்தோடு ஒப்படைப்புச் சான்றும் தருவார்கள், ஆர்.சி.யும் முறைப்படி ரத்தாகும். அந்தச் சான்றைக் காட்டிப் புது வண்டி வாங்கினால் பதிவுக் கட்டணம் கிடையாது. சாலை வரியில் 25 சதவீதம் வரை சலுகை என்பது மத்திய விதி வைத்த உச்சவரம்பு, அதற்குள் எவ்வளவு என்பது மாநிலத்தின் முடிவு. வண்டியை ஒப்படைப்பதற்கு முன்பே ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

வண்டி இறந்துபோன ஒருவரின் பெயரில் இருந்தால், இறந்த 30 நாளுக்குள் தகவல் சொல்லி, மூன்று மாதத்துக்குள் படிவம் 31இல் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். விற்பதும் புதுப்பிப்பதும் அதற்குப் பிறகுதான்.

எங்கள் வண்டிக்கு 2030 செப்டம்பர் வரை ஆர்.சி. கிடைத்துவிட்டது. நெடுஞ்சாலைக்கு எடுப்பதில்லை என்று அப்பாவும் நானும் பேசி வைத்திருக்கிறோம். தினமும் காலையில் ஸ்ரீரங்கம் போய்விட்டு வருகிறார், மழை பெய்தால் மட்டும் கால்மிதி மேட்டைத் தூக்கிக் காய வைக்கிறார்.